தொண்ணூற்றாறு வெள்ளைச் சட்டைகளும் இல்-பிசாருக்குப் போன ஒரு சனிக்கிழமையும்

இந்தப் பயணம் மொன்ட்ரியலை விட்டு வெளியே போகவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து இல்-பிசார் தீவுக்கு, அங்கிருந்து லாசாலுக்கு, பிறகு வீட்டுக்கு. ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை, மெட்ரோவிலும் பஸ்ஸிலுமாக ஏறக்குறைய எழுபது கிலோமீற்றர். ஆபிரிக்க மிஷன்களுக்குப் பொருட்கள் அனுப்பும் வேறு கோயில் பங்குகளிலிருந்து சிலர் வழி விசாரித்து எழுதியிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்பது வேறு விடயம். அன்றைய பிழை என்னுடையது.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்கின் தமிழ்ப் பெண்கள் ஏழு பேர், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் கோயிலின் நிலக்கீழ் அறையில் தையல் இயந்திரங்களை விரிப்பார்கள். பெனின் நாட்டின் வடக்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடம் இருக்கிறது. இந்த வருடம் அங்கிருந்து தொண்ணூற்றாறு பெண்பிள்ளைகளுக்குச் சீருடை கேட்டுக் கடிதம் வந்தது. செப்டம்பரில் பள்ளி தொடங்கும்போது சீருடை இல்லாத பிள்ளையை உள்ளே எடுக்க மாட்டார்கள். கடிதம் பிரெஞ்சில் இருந்ததால் அது என்னிடம் வந்தது. மன்னாரில் இருபத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன் என்பதால் அளவுப் பட்டியலையும் நானே போட்டேன். வயது, உயரம், இடுப்பு எல்லாம் கடிதத்தில் இருந்தன. நிறம் இல்லை. கீழே தலைமை ஆசிரியையின் எண்ணும், விவரம் வேண்டுமானால் அழைக்கவும் என்ற வரியும் இருந்தன.

நான் அழைக்கவில்லை. தொலைபேசியில் என் பிரெஞ்சு தடுமாறும். அதைவிட, கேட்க ஏதாவது இருக்கிறது என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. பள்ளிக்கூடச் சீருடை என்றால் வெள்ளை. எங்கள் எட்டுப் பேரில் ஒருவரும் வேறு நிறச் சீருடை போட்டுப் பள்ளிக்குப் போனவர்கள் இல்லை. முழங்கால் வரை வரும், பெட்டி மடிப்பு வைத்த வெள்ளைச் சட்டை தொண்ணூற்றாறு தைத்து, அயன் செய்து, பெட்டிகளில் அடுக்கியாகிவிட்டது.

சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு லாசால் கிடங்கில், பெனினுக்குக் கப்பலில் போகும் கொன்டெய்னரின் கதவு பூட்டப்படும். அடுத்தது நவம்பரில்தான். அதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, கோயிலின் பின் மேசையில் அந்த மிஷனின் செய்தி மடல் கிடந்தது. அதே பள்ளி, ஒரு வகுப்புப் படம். நாற்பது பிள்ளைகளும் காக்கிச் சட்டையில்.

பழைய படமாக இருக்கலாம் என்று நினைத்தேன். வேறு பள்ளியாக இருக்கலாம் என்றும் நினைத்தேன். தையலுக்குத் தலைமை தாங்கும் ஜெசிந்தாவிடம் சொல்வதற்கு முன் நிச்சயப்படுத்திக்கொள்வோம் என்று வெள்ளிக்கிழமையையும் கழித்தேன். அந்தப் பள்ளியை முப்பது வருடம் நடத்திய சிஸ்டர் ஜெர்மேன் இப்போது இல்-பிசாரில் தம்பி வீட்டில் இருக்கிறார். வயது எண்பத்து நான்கு. காது மந்தம். தொலைபேசியில் இரண்டு தரம் கத்தினேன். சட்டையைக் கொண்டு வாருங்கள் என்பது மட்டும்தான் பதிலாக வந்தது.

இனி வழி. பெட்டியிலிருந்து எடுத்த சட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, காலை 7.40க்கு வீட்டை விட்டு இறங்கினேன். மூலையில் உள்ள தெப்பனர் கடையில் ஒரு கோப்பி, இரண்டு டொலர் பத்துச் சதம். 7.55க்குப் பார்க் நிலையத்தில் நீலக் கோடு, 8.08க்கு ஸ்னோடனில் மாறி செம்மஞ்சள் கோடு, 8.27க்கு கோட்-வெர்ட்யூ. எனக்கு எழுபத்தாறு வயது, முதியோர் அட்டையில் பயணம் இலவசம். மற்றவர்களுக்கு நான் போன நாளில் ஒரு சீட்டு மூன்று டொலர் எழுபத்தைந்து சதம். இரண்டு மணி நேரத்துக்குள் மாறி ஏறலாம். கோட்-வெர்ட்யூவிலிருந்து மேற்கே போகும் விரைவு பஸ்ஸில் நாற்பத்தைந்து நிமிடம், பிறகு தீவுக்குப் போகும் பஸ்ஸுக்கு முப்பத்தொரு நிமிடக் காத்திருப்பு. பஸ் இலக்கங்களை நான் எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் வழித்தடங்களை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலத்தைத் தாண்டியதும் பஸ்ஸில் நானும் சாரதியும்தான். பஸ்ஸில் தீவுக்கு வருபவர்கள் குறைவு போலிருக்கிறது. பெரிய புல்வெளிகள், நடைபாதை இல்லாத வீதிகள். தொள்ளாயிரம் மீற்றர் நடை. முழங்கால் வலியுள்ளவர்கள் பதினைந்து நிமிடம் வைத்துக்கொள்ளவும். 10.20க்குக் கதவைத் தட்டினேன்.

சிஸ்டர் சட்டையை மடியில் விரித்தார். நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல், கீழ் விளிம்பைத் திருப்பி உள்ளே விட்டிருந்த மடிப்பை விரலால் அளந்தார். பிள்ளை வளர வளர இறக்கிவிட என்று ஜெசிந்தா எல்லாச் சட்டையிலும் மூன்று அங்குலம் விட்டிருந்தார்.

"இதைத் தைத்தவருக்குப் பிள்ளைகளைத் தெரியும்," என்றார் பிரெஞ்சில், மெதுவாக. "ஆனால் அங்கே எல்லாப் பள்ளிகளிலும் காக்கி. நான் போன நாளிலிருந்து காக்கி. அங்கே மண் சிவப்பு, மிசியே. தண்ணீர் எடுக்க ஒரு மணி நேரம் நடக்க வேண்டும்."

"சாயம் போடலாமா, சிஸ்டர்?"

அவர் துணியைக் கசக்கிப் பார்த்தார். "பாதி பொலியெஸ்டர். சாயம் பிடிக்காது." பிறகு, "அதேலிடம் கேட்டீர்களா?" என்றார். அதேல்தான் இப்போதைய தலைமை ஆசிரியை.

"இல்லை."

"அவளுடைய எண் உங்களிடம் இல்லையா?"

"இருக்கிறது," என்றேன். சொல்லும்போது தலை குனிந்துவிட்டது.

சிஸ்டரின் தம்பி என் கைப்பேசியை வாங்கி, கடிதத்தில் இருந்த எண்ணை அழுத்திக் கொடுத்தார். அங்கே மாலை நான்கு மணி இருக்கும். இரண்டாவது மணியிலேயே மதாம் அதேல் எடுத்தார். எனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"வெள்ளை அழகுதான், மிசியே. ஆனால் வெள்ளையில் வருகிற பிள்ளையை நான் வாசலில் நிறுத்த வேண்டியிருக்கும். அது எனக்குக் கஷ்டம்."

"நாங்கள் என்ன செய்யலாம்?"

"எங்களிடம் தையல்காரிகள் இருக்கிறார்கள். தாய்மார்தான். இயந்திரமும் நாலு இருக்கிறது. துணி விலைதான் கைக்கு எட்டவில்லை. காக்கித் துணி இருந்தால் அனுப்புங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு மீற்றர். தைப்பதை எங்களிடம் விடுங்கள்."

அழைப்பு முடிந்தபோது மணி 10.55. இந்த நேரத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஜெசிந்தா அப்போது வீட்டில்தான் இருந்தார். கைப்பேசி என் கையில் இருந்தது. இவ்வளவு பெரிய விடயத்தைப் போனில் சொல்லக் கூடாது, நேரில் சொல்வதே மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தேன். அவருடைய குரலைக் கேட்பதை மூன்று மணி நேரம் தள்ளிப்போட ஒரு சாட்டுத் தேடினேன், அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸை நான்கு நிமிடத்தால் தவறவிட்டேன். அடுத்தது 12.02க்கு. நிழல் இல்லாத தரிப்பிடம், உட்கார ஒரு கல். தண்ணீர் கொண்டு போங்கள். கோட்-வெர்ட்யூவுக்கு 1.21. லியோனல்-குரூவில் பச்சைக் கோட்டுக்கு மாறி, ஆன்கிரினியோனில் இறங்கியபோது 2.02. அங்கிருந்து பஸ்ஸில் பன்னிரண்டு நிமிடமும் தொழிற்சாலைகளுக்கு இடையே நடையுமாக, 2.25க்கு லாசால் கிடங்கின் முற்றத்தில் நின்றேன். பையின் வார் தோளில் அறுத்துக்கொண்டிருந்தது.

பெட்டிகள் ஏற்கெனவே இறக்கப்பட்டு வரிசையாக நின்றன. வான் ஓட்டி வந்த நியூட்டன், ஜெசிந்தாவின் தங்கையின் கணவர், என்னைக் கண்டதும் சிரித்தார். சிஸ்டரைப் பார்க்கத் தீவுக்குப் போவதாக மட்டும் முதல் நாள் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"மாஸ்டர் பஸ்ஸிலை உலகம் சுத்திப்போட்டு வாறார். என்ன, தீவிலை மீன் பிடிச்சனீங்களோ?"

நான் ஜெசிந்தாவிடம் போய் நின்று சொன்னேன். செய்தி மடல், சிஸ்டர், அதேல், காக்கி.

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"படம் கண்டது வியாழக்கிழமை."

"வியாழன், வெள்ளி, சனி. மாஸ்டருக்குக் கணக்கு வரும்தானே."

"பிழையோ எண்டு சந்தேகமா இருந்தது, பிள்ளை. நிச்சயமா இண்டைக்குக் காலமைதான், பதினொரு மணிக்கு."

"இப்ப ரெண்டரை."

"ஓம்."

"போன் வேலை செய்யேல்லையோ?"

"செய்தது."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. இயந்திரத்தில் நூல் சிக்கினால் அவர் அப்படித்தான் பார்ப்பார். பதினெட்டு வருடம் ஷபானெல் வீதியில் உடுப்புத் தொழிற்சாலையில் நின்றவர். பெட்டிகளின் பக்கம் திரும்பாமல், "நியூட்டன், வானை எடு," என்றார்.

"எங்கை அக்கா?"

"ஷபானெல். காக்கி துணி மலை மாதிரி அடுக்கி வைச்சிருக்கிற கடை ஒண்டு எனக்குத் தெரியும். அவன் சனிக்கிழமையிலை ரெண்டு மணிக்குப் பூட்டிப்போடுவான். பூட்டிப்போட்டான்." இதை என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். "மற்றவனிட்டை என்ன இருக்கெண்டு பாப்பம்."

"இவையள் நாலு மணிக்குக் கதவைப் பூட்டுவினமே?"

"நீ கதைச்சுக்கொண்டு நிண்டா பூட்டுவினம்தான்."

அவர்கள் போனார்கள். கொன்டெய்னர் ஏற்றும் பொறுப்பாளர் பெனின்காரர், கோஃபி என்று பெயர். அவரிடம் என் பிரெஞ்சில் நிலைமையை விளக்கினேன். அவர் எங்கள் வெள்ளைச் சட்டைப் பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி அளவு இடத்தை விட்டு மற்றச் சாமான்களை ஏற்றச் சொன்னார். "நானும் காக்கிதான் போட்டேன், தாத்தா," என்றார். "ஒரே சட்டை, நாலு வருடம்." உட்கார ஒரு கதிரையும் தந்தார். அதில் இருந்தபடி ஒன்றே கால் மணி நேரம் வாசலைப் பார்த்தேன்.

3.51க்கு வான் வந்தது. இரண்டு உருளைத் துணி. கடையில் இருந்த காக்கி முழுவதும் அவ்வளவுதான். ஜெசிந்தா கணக்கை முதலே போட்டிருந்தார்: எண்பத்திரண்டு மீற்றர், நாற்பத்தொரு பிள்ளைகள். தொண்ணூற்றாறில் நாற்பத்தொன்றைக் கழித்தால் ஐம்பத்தைந்து. நான்கு மணிக்குக் கதவு பூட்டி முத்திரை வைத்தார்கள். வெள்ளைச் சட்டைப் பெட்டிகளைத் திரும்ப வானில் ஏற்ற நானும் கை கொடுத்தேன். வீட்டுப் படி ஏறும்போது மணி 5.10.

மற்ற ஆறு பெண்களிடமும் அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு நானே சொன்னேன். ஜெசிந்தா பக்கத்தில் நின்றார், ஆனால் எனக்காக ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒருவர் அழுதார். அவருக்குக் கண்ணில் நோய், இரவில் ஊசி கோக்கவே கஷ்டப்பட்டவர். சட்டைகள் இன்னும் நிலக்கீழ் அறையில் இருக்கின்றன.

இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு, என் அனுபவத்தில் தெரிந்தவை: இல்-பிசாருக்கு வார இறுதியில் பஸ்ஸில் போவதைத் தவிர்க்கலாமானால் தவிர்க்கவும். போக வேண்டியிருந்தால் போக வர ஐந்து மணி நேரம் ஒதுக்கவும், திரும்பும் பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்ளவும். லாசால் கிடங்குக்கு ஆன்கிரினியோன் வழியே போவதுதான் இலகு. ஜூனில் இங்கிருந்து பெனினுக்கு ஐந்து மணி நேர வித்தியாசம். காலை பத்து மணிக்கு அழைத்தால் அங்கே பள்ளி முடிகிற நேரம். துணியை வெட்டுவதற்கு முன் அழையுங்கள். பிரெஞ்சு வராவிட்டால் எழுதி வைத்து வாசியுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அவர்கள் பொறுமையாகக் கேட்கிறார்கள். மோசமான செய்தி கையில் இருந்தால் அதை பஸ்ஸில் கொண்டு திரியாதீர்கள். அன்று எனக்கு நேர்ந்த களைப்பில் பாதி, தூரத்தால் வந்ததல்ல.

ஒக்டோபர் முதல் வாரம் நானே மதாம் அதேலை அழைத்தேன். துணி வந்துவிட்டது. தாய்மார் கூடிப் பேசி, பெரிய பிள்ளைகளுக்கு முதலில் தைத்திருக்கிறார்கள். வீட்டில் நின்றுவிட்டால் திரும்பி வராதவர்கள் அவர்கள்தானாம். சின்னவர்களில் நாற்பத்தாறு பேர் அக்காமாரின் பழைய சட்டைகளில் வருகிறார்கள். ஒன்பது பேர் இன்னும் பள்ளிக்கு வரவில்லை.

அழைப்பை வைத்தவுடன் ஜெசிந்தாவுக்கு எடுத்தேன். வேலைக்குப் போகிற வழியில், மெட்ரோப் படியில் நின்றார்.

"ஒன்பது பேரோ," என்றார். பின்னால் ரயில் சத்தம் கேட்டது. "பதினெட்டு மீற்றர். அதுக்கு கொன்டெய்னர் தேவையில்லை, ஒரு சூட்கேஸ் காணும். அந்தப் பக்கம் ஆரும் போகினமோ எண்டு விசாரியுங்கோ."

"நாளைக்கு ஒருக்கா கேட்டுப் பாத்திட்டு..."

"மாஸ்டர்."

"சரி. இப்ப கேக்கிறன்."

கோஃபியின் எண்ணைத் தேடி அழைத்தேன். அவருடைய தங்கை இருபத்திரண்டாம் திகதி பெனினின் கொட்டோனூ நகரத்துக்குப் போகிறார். பெட்டியில் எட்டுக் கிலோவுக்கு இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜெசிந்தா துணியை வாங்கித் தராசில் வைத்துப் பார்த்தார். ஆறு கிலோ.