சம்படத்துக்குள் சேர்ந்துகொண்டது

தென்காசியில் ஆனி பிறந்துவிட்டால் ஒரே பேச்சுதான்: சாரல் விழுந்துவிட்டதா, இல்லையா? அந்த வருஷம் விழவில்லை. குற்றாலத்து மெயினருவியில் வெறும் பாறை தெரிந்தது. கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். குத்துக்கல்வலசை பால்வண்ணநாதன் மகள் ஸ்ரீவித்யா மட்டும் நிம்மதியாக இருந்தாள். ஈரம் அவள் ஆராய்ச்சிக்கு ஆகாது.

ஊர் எல்லையில் உள்ள கல்லூரியில் ஆறு வருஷமாக அவள் பெரோவ்ஸ்கைட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சோலார் தகட்டுக்கும் விளக்குக்கும் ஆகும் பொருள் அது. அதில் புரோமைடையும் அயோடைடையும் கலந்துவிட்டால் வேண்டிய நிறத்துக்குக் கொண்டுவரலாம். ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம். வெளிச்சம் பட்டால் கலந்த இரண்டும் பிரிந்து தனித்தனிக் கூட்டமாகிவிடும். இருட்டில் வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கலந்துகொள்ளும். வெயிலில் வேலை செய்யவேண்டிய பொருள் வெயிலைக் கண்டதும் பிரிந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஸ்ரீவித்யா அதைக் கண்ணாடித் தட்டின் மேல் மெல்லிய படலமாக, அடுக்கடுக்காகச் செய்தாள். அடுக்குகளுக்கு நடுவே நீளமான மூலக்கூறுகள் தடுப்புச் சுவர் மாதிரி நிற்கும். ‘இந்த அடுக்குப் படலம் வெளிச்சத்தில் பிரியாது.’ அவள் ஆய்வேடு முழுக்க இந்த ஒரு வரியில்தான் நின்றது. ஆய்வேடு முடிந்தால் ஆவணியில் கல்யாணம். சிவகிரி மாப்பிள்ளை வீட்டார் அதற்காகவே இரண்டு வருஷம் பொறுத்திருந்தார்கள்.

படலத்தின் மேல் விளக்கைப் பாய்ச்சுவது ஒரு கட்டடத்தில். அது உமிழும் ஒளியை அளக்கும் கருவி, முற்றத்தைத் தாண்டி இன்னொரு கட்டடத்தில். நடுவில் சாரல். அதனால் வீட்டிலிருந்து இறுக்கமான மூடி போட்ட ஒரு சில்வர் சம்படத்தைக் கொண்டுவந்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு படலத்தை அதில் மூடி எடுத்துப் போவாள். மழை வெறிக்கக் காத்திருந்து, அங்கே வரிசையில் நின்று, அளக்கும்போது அரைமணி, முக்கால் மணி ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் படலம் சமர்த்தாக, பிரியாத கலவைக்குரிய மஞ்சளாகவே மின்னியது. கோடை மாதங்களிலும் பழக்கம் விடவில்லை. எதற்கு வம்பு என்று சம்படத்திலேயே கொண்டுபோனாள்.

அந்த ஆனியில் சம்படத்தை அம்மா கல்யாணசுந்தரி வத்தல் போட்டுவைக்க எடுத்துக்கொண்டாள். கடைசியாக ஒரு அளவு பாக்கி இருந்தது. மழைதான் இல்லையே என்று ஸ்ரீவித்யா விளக்கில் காட்டிய படலத்தை மூடாமல் தட்டோடு வெயிலோடு வெயிலாக எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டினாள். கருவியில் வைத்தாள். மஞ்சள் இல்லை, சிவப்பு. அயோடைடு தனியாகப் போய்க் கூட்டம் சேர்ந்துவிட்டது என்றால்தான் அந்தச் சிவப்பு வரும்.

தட்டு அழுக்காக இருக்கும் என்று புதிதாக ஒரு படலத்தை எடுத்து, விளக்கில் காட்டி, அதேபோல் மூடாமல் கொண்டுபோனாள். அதுவும் சிவப்பு. அதையே மேசை டிராயருக்குள் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாள். மஞ்சள். அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது. எல்லாப் படலமும் விளக்கடியில் பிரிந்துதான் இருக்கிறது. சம்படத்து இருட்டில் போகிற வழியிலேயே சேர்ந்துகொண்டிருக்கிறது. அவள் எடுத்துக்கொண்ட கவனம்தான் அவளைக் கவிழ்த்தது.

மறுநாள் காலை அப்பாவிடம் சொன்னாள். பால்வண்ணநாதனுக்குப் பாதி புரிந்தது, மீதி புரியவேண்டாம் என்று இருந்தது. “ஏட்டி, நீயா எதையும் முடிவு பண்ணாத. ஸ்ரீதேவி மேடம்கிட்ட கேளு. அவ்வோ ஒரு வழி சொல்லுவாவோ” என்றார்.

வழிகாட்டி ஸ்ரீதேவி கெட்டவர் இல்லை. இந்த மாதத்தோடு ஓய்வு. கடைசி மாணவி பட்டம் வாங்குவதைப் பார்த்துவிட்டுப் போக ஆசை. ஸ்ரீவித்யா விளக்கில் காட்டிக் கொண்டுவந்த சிவந்த படலத்தைப் பார்த்தார். “எல்லாம் நாம அளந்ததுதானே? ஒண்ணும் இட்டுக்கட்டலியே. குடுத்திரு. வைவாவுல கேள்வி கேக்க வர்றவங்கள்ல யாரு விளக்கைப் போட்டுப் பாக்கப்போறா?”

“நான் பாத்துட்டனே மேடம்.”

ஸ்ரீதேவி தட்டை எடுத்துத் தன் டிராயருக்குள் வைத்துச் சாத்தினார். “கொஞ்ச நேரம் இருக்கட்டும். சரியாயிரும்.”

சரியாகிவிடும் என்பது உண்மைதான், அதுதான் கொடுமை. யார் திறந்து பார்த்தாலும் மஞ்சளாகத்தான் இருக்கும். “விளக்கையும் கருவியையும் ஒரே அறையில வெச்சு எல்லாத்தையும் திருப்பி அளக்கணும் மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்ரீவித்யா எழுந்தாள். அழக்கூடாது என்று பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழையும்போது அப்பா போனில் இருந்தார். மாப்பிள்ளையின் அப்பா ஆவுடைநாயகம்தான். பால்வண்ணநாதன் மேடம் வழி சொன்னாரா என்பதுபோல மகளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒண்ணும் கவலப்படாதிய அண்ணாச்சி. பிள்ள எல்லாத்தையும் முடிச்சிட்டா. பைண்டிங்குதான் பாக்கி. நீங்க மண்டபத்துக்குச் சொல்லிருங்க.”

ஸ்ரீவித்யா போய் அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். அந்த வீட்டில் அப்படி யாரும் செய்ததில்லை. “மாமா, ஸ்ரீவித்யா பேசுதேன். அப்பா சொன்ன மாதிரி இல்ல. நான் அளந்ததுல தப்பு இருக்கு. திரும்ப முதல்லயிருந்து செய்யணும். ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்.”

வெளியே மாட்டுக்கொட்டகைத் தகரத்தில் சடசடவென்று சத்தம்.

“அங்கன மழையாம்மா?” என்றார் ஆவுடைநாயகம்.

“ஆமா மாமா. சாரல்.”

“இங்கன ஒண்ணும் இல்ல” என்றார். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

பால்வண்ணநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மகள் முகத்தைப் பார்க்காமல் மழையில் இறங்கிப் போனார். தெருவில் யாரோ சாரல் வந்துட்டு என்று கத்தினார்கள். ஒன்றும் தெரியாத அம்மா அடுக்களையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். வத்தலை வேறு டப்பாவில் கொட்டிவிட்டு, சம்படத்தைக் கழுவித் துடைத்து எடுத்து வந்திருந்தாள்.

“இந்தாட்டி. சாரல் வந்துட்டுல்லா, நாளைக்கு உனக்கு வேணுமே.”

“வேண்டாம்மா” என்றாள் ஸ்ரீவித்யா. “அதுல வத்தலே கெடக்கட்டும்.”