கம்பியில் பன்னிரண்டு தட்டு

ஜூலை பதினொன்று, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது ஐந்து. விட்டுவிட்டுச் சாரல். ஸ்ரீவராகத்தில் என் வீட்டிலிருந்து ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கோமதிநாயகத்தைக் கொண்டுபோகப் பத்து மணிக்கு வண்டி வருகிறது என்று அவர் மகள் உமா போன் செய்திருந்தாள். கிளம்பும் அவசரத்திலும் குடைகளை எண்ணினேன். என் பழக்கம் அப்படி. மூன்று இருக்கவேண்டிய மூலையில் நான்கு இருந்தன. முந்தைய எண்ணிக்கைதான் தப்பு என்று என்னையே திட்டிக்கொண்டு, பிடியில் பச்சை நூல் சுற்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

ஓவர்பிரிட்ஜ் சிக்னலில் ஆட்டோ நின்றது. முன்னால் நின்ற காரின் எண்பலகையில் கே.எல். 01 சி.எம். அவ்வளவுதான், வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. கே, எல், சி, எம். மாக்கரெல், இங்கிலீஷில் எட்டு எழுத்து. பிளாக்மெயில், ஒன்பது. பிளாக்ஸ்மித், பத்து. உயிர்ச் சிநேகிதனை ஊரைவிட்டு அனுப்பப்போகிறார்கள், இவன் எழுத்து எண்ணுகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் இந்த வியாதியை எனக்குக் கொடுத்தவரே அவர்தான்.

மடியில் கிடந்த குடையிலிருந்து ஈரத்துணி வாடை வந்தது. மழைக்காலத்தில் பஸ்ஸுக்குள் இதே வாடைதான் இருக்கும். பட்டம் என்ற இடத்தில் இருந்த ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் வேலை. கிழக்கேகோட்டையிலிருந்து பதினெட்டு வருடம் ஒரே பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். அவர் திருநெல்வேலிக்காரர், நான் நாகர்கோவில். அந்தக் காலத்தில் வண்டி எண்ணுக்கு மூன்று எழுத்து. பஸ் பக்கத்தில் முதலில் வந்து நிற்கும் காரின் மூன்று எழுத்தும் வருகிற மாதிரி, நீளமான இங்கிலீஷ் வார்த்தையாகப் பிடிக்கவேண்டும். எழுத்து எந்த வரிசையில் வந்தாலும் சரி. இறங்கும் ஸ்டாப்பு வரைதான் நேரம். எழுத்து குறைந்தவன் தோற்றவன், இரண்டு டீ வாங்கவேண்டும்.

வார்த்தையை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது கோமதிநாயகம் போட்ட சட்டம். சொன்னால் பக்கத்தில் நிற்கிறவனெல்லாம் ஆட்டத்துக்கு வந்துவிடுவானாம். அதனால் எத்தனை எழுத்தோ அத்தனை தடவை ஆள்காட்டி விரலால் பஸ் கம்பியில் தட்டவேண்டும். அது என்ன வார்த்தை என்று மற்றவன் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால், தட்டியவன் உள்ளங்கையை விரித்துக் கம்பிமேல் வைத்து ஒத்துக்கொள்ள வேண்டும். எத்தனை காலை நேரங்கள் அந்தக் கை விரிவதற்காகக் காத்து நின்றிருக்கிறேன்! டீயா பெரிது? அவருடைய சிரிப்பைத் தாங்கமுடியாது. "என்ன வே, நாகர்கோவில்ல இங்கிலீசு பள்ளிக்கூடமே கெடையாதா?" என்பார்.

வேறு கேலியும் உண்டு. அவர் மேசையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் பேனாவோடு என் இடத்துக்கு வந்துவிடுவேன். வேண்டுமென்று இல்லை, ஞாபகப்பிசகு. "வே, அது எம் பேனா. இது ஒரு சீக்கு வே. டிக்சனரில இதுக்குப் பேரே போட்டிருக்கான்" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்துவார்.

வார்டுக்குள் போனபோது உமா பைகளைக் கட்டி முடித்திருந்தாள். அவளுக்குப் பெங்களூரில் வேலை, லீவு ஞாயிற்றுக்கிழமையோடு தீர்கிறது. பக்கவாதம் வந்து மூன்று வாரம். கோமதிநாயகத்துக்குப் பேச்சு போய்விட்டது, வலது பக்கம் அசையவில்லை. கொட்டாரக்கரைக்கு அப்பால் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் சொல்லியாகிவிட்டது.

"வீட்டுலயே ஆள் போட்டுப் பாத்துக்கிடலாமேம்மா" என்றேன்.

"அப்பாக்கு என்னையே மனசிலாகல்ல மாமா. ஆளத் தெரிஞ்சா நான் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேனா? ஒண்ணும் தெரியாதவருக்கு எந்தக் கட்டிலா இருந்தா என்ன?"

குடையைக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டிவிட்டு அவர் காதருகில் குனிந்தேன். வேறெதுவும் தோன்றாமல், "வே, கே, எல், சி, எம்" என்றேன்.

அவர் கண் அசைந்தது. என்னைப் பார்க்கவில்லை, கால்மாட்டுப் பக்கம் போய் நின்றது. பிறகு இடது கை ஆள்காட்டி விரல் கட்டில் கம்பியில் தட்டியது. எண்ணினேன். பன்னிரண்டு.

"உமா, பாத்தியா? பன்னிரண்டு!"

"அது விறயலாணு சாரே, எப்பவும் உண்டு" என்றாள் நர்ஸ், டியூபைச் சரிசெய்துகொண்டே. வெறும் கை நடுக்கமாம், எப்போதும் உண்டாம்.

உமாவுக்கு ஆட்டத்தை விளக்கினேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஒன்பதே முக்கால்.

"அப்போ அந்த வார்த்தையச் சொல்லுங்க மாமா. அப்பா கை விரியட்டும், நான் வண்டியத் திருப்பி அனுப்பறேன்."

எழுபத்தொன்பது வயதில் எனக்கு ஒரு பரீட்சை. பன்னிரண்டு எழுத்து, அதில் கே, எல், சி, எம். கையிலிருந்தது பத்துதான். ஆனால் பிளாக்மெயிலை இழுத்தால்? விரல்விட்டு எண்ணினேன். சரியாகப் பன்னிரண்டு!

"பிளாக்மெயிலிங்!" என்றேன்.

விரல் மடங்கியபடியே கிடந்தது. உமாவின் முகம்தான் மாறியது. "யாரு மாமா பிளாக்மெயில் பண்றா? நானா?"

"ஐயோ, உன்னைச் சொல்லலை, வார்த்தையச் சொன்னேன்."

"மதி மாமா, போதும். கெளம்பறேன்" என்று பையைத் தோளில் மாட்டினாள். வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் நெருங்கியது. ஒருவேளை நர்ஸ் சொன்னதுதான் சரியோ? வெறும் நடுக்கத்தை நான்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேனோ?

விரல் மறுபடி தட்டியது. மறுபடியும் பன்னிரண்டில் நின்றது. கண் இப்போதும் கால்மாட்டிலேயே. அங்கே என்ன இருக்கிறது? சுவர், சார்ட்டு, என் குடை. பிடியில் பச்சை நூல். நான் எந்தக் குடைக்கு நூல் சுற்றினேன்?

போன மாதம் அவர் வீட்டுக்குப் போய்விட்டு மழையில் திரும்பிய சாயங்காலம் நினைவுக்கு வந்தது. காலையில் நான்காக இருந்த குடைக் கணக்கும் அந்த நிமிடத்தில் நேரானது.

"கிளெப்டோமேனியாக்!" என்று கத்திவிட்டேன். நர்ஸ் கையிலிருந்து பஞ்சு விழுந்தது.

கோமதிநாயகத்தின் கை மெல்ல, ஒவ்வொரு விரலாக, விரிந்து கம்பிமேல் படிந்தது. வாயின் இடது ஓரம் மேலே போனது. அந்தப் பழைய சிரிப்பில் பாதி.

"அதுக்கு என்ன அர்த்தம் மாமா?" உமாவின் குரல் இறங்கியிருந்தது.

"கண்டதை எடுத்துட்டுப் போற சீக்கு பிடிச்சவன்."

"யாரு?"

"நான்தான். இந்தா, உங்க அப்பா குடை."

அவள் குடையைப் பார்த்தாள், விரிந்து கிடந்த கையைப் பார்த்தாள். அதன்மேல் தன் கையை வைத்தாள். பிறகு வாசலில் ஸ்ட்ரெச்சரோடு வந்தவரிடம், "சேட்டா, வண்டி வேண்டா கேட்டோ. நாங்க வீட்டுக்குப் போறோம்" என்றாள்.

அப்புறம் நானும் உமாவும் கேன்டீனுக்குப் போனோம். மூன்றெழுத்து எண்பலகைகள் ஒழிந்து எத்தனையோ வருடமாயிற்று. நாங்கள் வேலை பார்த்த கட்டடத்தில் இப்போது துணிக்கடை. அதெல்லாம் போனது போகட்டும். இந்த ஊரில் என்னை 'வே' என்று கூப்பிட ஒரே ஒரு குரல்தான் இருந்தது. அது இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விரல் இருக்கிறது.

உமா பர்ஸைத் திறந்தாள். "நான் கொடுக்கறேன் மாமா."

"கூடாது. அவருக்குப் பன்னிரண்டு, எனக்குப் பத்து. தோத்தது நான்" என்றேன்.

டீ இரண்டு, இருபத்து நான்கு ரூபாய்.