ஒரு ‘போறேன்’ படுத்திய பாடு

பைபாஸ் ஆபரேஷனுக்குக் கிளம்பிய அன்று, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவு கதவாகத் தட்டி விடைபெற்றேன். அதுகூடப் பரவாயில்லை. எல்லோரிடமும் ‘போறேன்’ என்று சொன்னேன்.

‘போயிட்டு வரேன்’ என்று சொல்லாமல் ஸ்ரீரங்கத்தில் யாரும் கறிவேப்பிலை வாங்கக்கூடப் போவதில்லை. நானோ நிறையப் படித்தவன். ஒரு வினைச்சொல்லுக்கும் ரத்தக்குழாய் அடைப்புக்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு. குரலைத் தழைத்துச் சொன்னதில் கொஞ்சம் நாடகமும் இருந்தது.

எதிர்வீட்டு மாமி பதறிவிட்டார். “ஐயோ, அப்படிச் சொல்லாதேள்! போயிட்டு வரேன்னு சொல்லுங்கோ.”

மேதை மாதிரி சிரித்துவிட்டு லிஃப்டில் ஏறினேன்.

திருச்சி ஆஸ்பத்திரியில் மார்பு முழுக்க மழித்துவிட்டார்கள். அதன்பிறகு மயக்க மருந்து டாக்டர் வந்தார். நான் இருமினேன். “நெஞ்சுல சளி இருக்கு சார். இது முழுசா சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று மாலையே காவிரிப் பாலம் தாண்டித் திரும்பி வந்தேன். காலையில் கண்கலங்கி வழியனுப்பியவர்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. எனக்கும்தான்.

பிறகு காத்திருப்பு. மாடிப்படி ஏறக்கூடாது, கோபப்படக்கூடாது. எங்கள் குடியிருப்பில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடுவது வாரத்துக்கு ஒரு வீட்டின் முறை; அந்தக் கணக்கு எதிர்வீட்டு மாமியின் கையில். அது தடதடத்து நிற்கும்போதெல்லாம் நின்றது என் இதயம்தானோ என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன். மழித்த இடத்தில் முடி முளைத்து நமைச்சல் எடுத்தது. சொறிகிற நேரத்தில் சாவைப் பற்றிய நினைப்பு வருவதில்லை. அந்த வகையில் உபகாரம்தான்.

எந்த நாளில் ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை, எழுந்து நகரும்போதெல்லாம் என் வாய் தானாக ‘போயிட்டு வரேன்’ என்றது. பால் வாங்கப் போகும்போது சொன்னேன். மொட்டைமாடியில் துணி எடுக்கப்போன மனைவியையும் சொல்லவைத்தேன்.

ஒருநாள் அவள் நிமிர்ந்து பார்த்தாள். “ஏங்க, பாத்ரூமுக்குமா?”

“ஒரு பழக்கத்துக்குத்தான்.”

“தாழ்ப்பாள் போடாதீங்க.” அதற்குமேல் அவள் கேலி செய்யவில்லை.

சளி கரைந்து மறுபடி ஆஸ்பத்திரியில் கூப்பிட்டபோது ஒரே ஒரு கதவைத்தான் தட்டினேன். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் கத்தினேன்: “மாமி, போயிட்டு வரேன்!” மாமி மிக்ஸியை நிறுத்தினார். இன்னொரு தடவை சொன்னேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

நெஞ்சில் நெடுகத் தையலோடு வீடு திரும்பியதும், மனைவி தோளைப் பிடித்துக்கொள்ள, எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன். “சொன்ன மாதிரியே வந்துட்டேன் மாமி” என்றேன்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அதான் வரேன்னு சொல்லிட்டுப் போனேளே. மோட்டார் போடற உங்க முறையை நான் யாருக்கும் மாத்திக் கொடுக்கலை. நாளையிலேர்ந்து நீங்கதான்.”