திராட்சை போட்ட சாறு

உல்டிஸ் எதையும் மறக்கிறவன் இல்லை, தள்ளிப்போடுகிறவன். கௌயா ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு. ஆய்வுக் கட்டுரை கொடுக்காமல் பன்னிரண்டுக்குப் போக முடியாது. தலைப்பைப் போன வருடமே எடுத்துவிட்டான்: பனி உருகத் தொடங்கியதிலிருந்து இலை விடும்வரை பிர்ச் மரச் சாற்றில் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது? நாளைக்குத் துளை போடலாம், நாளைக்குத் துளை போடலாம் என்றே போன வசந்தம் கைநழுவிப் போயிற்று. இலை வந்துவிட்டால் மரம் சாறு விடாது.

இந்த வருடம் மரத்தில் துளை போட்டு, சாறு சொட்ட வாளி மாட்டினான். அதுவரைக்கும் சரி. தினம் காலையில் வாளியிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து, தேதி ஒட்டி, நிலவறையில் வைத்தான். "எடுத்த அன்னைக்கே அளந்துடு" என்று சொல்லித்தான் வேதியியல் டீச்சர் வியா சர்க்கரைமானியைக் கொடுத்திருந்தார். அது உறையோடு மேசையில் கிடந்தது. நிலவறை குளிர்ச்சிதானே, சாறு எங்கே ஓடப்போகிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் மொத்தமும் முடிந்தது. பாட்டில் வரிசை நீள நீள, வேலை நடக்கிறது என்ற நினைப்பே அவனுக்குப் போதுமாக இருந்தது.

அந்த ஞாயிறும் வந்தது. நிலவறையில் இறங்கிப் பார்த்தால், ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் உலர்திராட்சை, கூடவே எலுமிச்சைத் தோல்.

அம்மா பிரூத்தா சமையலறையில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பாட்டில்ல திராட்சை போட்டது யாரு?"

"யாரு போடுவா, பக்கத்து வீட்டுப் பூனையா? நான்தான். நல்லா புளிச்சு நுரைச்சு வரும், ஜூன் திருவிழாவுக்குக் குடிக்க ஆகும்."

"அது என் ஆராய்ச்சிம்மா. தேதி ஒட்டியிருந்தேனே."

"தேதி யாருடா ஒட்டலை? வருஷா வருஷம் சாறு ஊறப்போடறப்ப நானும்தான் ஒட்டறேன். என்னடா, பையன் தினம் அம்மாவுக்குச் சாறு பிடிச்சு வைக்கிறானே, பொறுப்பு வந்துடுச்சேன்னு நினைச்சேன்."

அவன் கையோடு கொண்டுவந்த பாட்டிலை மேசையில் வைத்தான்.

"வடிகட்டிப் பாரேன்" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"திராட்சைச் சர்க்கரை இறங்கியிருக்கும். வடிகட்டினா போயிடுமா?"

"அப்ப போன வருஷம் மாதிரியே..." அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

சர்க்கரைமானியோடு மரத்தடிக்குப் போனான். மொட்டுகள் வீங்கியிருந்தன, சில நாளில் இலை விட்டுவிடும். வாளியில் கொஞ்சம், அதுவும் கலங்கல். அளந்தான். அட்டவணையில் ஒரே ஒரு எண். மற்ற கட்டங்கள் காலி. நிரப்புவது பெரிய காரியமில்லை. பிர்ச் சாறு எங்கும் ஏறக்குறைய ஒரே இனிப்புதான். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? பேனாவைத் திறந்தும்விட்டான். எழுதாமலே மூடி வைத்தான். டீச்சரிடம் சொல்லிவிடலாம். நாளைக்குப் பள்ளியில்.

நாளைக்கு என்று மனம் சொன்னதும் போனை எடுத்தான்.

"உல்டிஸ் பேசறேன் டீச்சர். நான் இதுவரைக்கும் ஒண்ணுகூட அளக்கலை. இன்னைக்குத்தான் முதல்." திராட்சைக் கதையையும் சொன்னான்.

டீச்சர் முழுக்கக் கேட்டார். "உங்க அம்மா மேல தப்பில்லை."

"தெரியும் டீச்சர்."

"மரத்துல இன்னும் வருதா?"

"கலங்கலா வருது."

"வர்ற வரைக்கும் அள. நடந்ததையும் எழுது. கட்டுரை நிக்குமான்னு என்னைக் கேக்காதே, மதிப்பிடற குழுதான் சொல்லணும்."

மறுநாள் காலையில் பாட்டில் எடுத்துக்கொள்ளாமல் போனான். விரல் விறைக்க மரத்தடியில் நின்றே அளந்தான். நேற்றைவிடக் குறைவு. அதை அப்படியே எழுதிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.