பதினாலாம் நம்பர் டிக்கெட்

"பதினாலாம் நம்பர் யாரு?"

சூப்பர்வைசர் சுந்தரம் சார் போட்ட சத்தத்தில் லைனில் இருந்த முப்பது தையல் மெஷினும் நின்றுவிட்டன. தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனி. எட்டாம் சைஸில் ஏழாம் சைஸ் லேபிள். அறுபது ஜோடியும் அப்படியே. கட்டோடு இருந்த டிக்கெட்டில் தைத்தவள் நம்பர் பதினாலு.

பதினாலு என்றால் கஸ்தூரி. தண்டலத்தில் எனக்குப் பக்கத்து வீடு. அந்த வாரம்தான் அவளைப் பர்மனென்ட் ஆக்குவதாக இருந்தார்கள். எழுந்து நின்றாள், வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அந்த அறுபது ஜோடியையும் தைத்தவள் நான்.

அவள் மகன் மஞ்சள் காமாலை வந்து பிழைத்திருந்தான். ஆடிக் கிருத்திகையன்று வல்லக்கோட்டையில் மொட்டை போடுவதாக வேண்டுதல். ஷிப்மென்ட் அவசரம் என்று லீவு இல்லை. கிருத்திகைக்கு முதல் நாள் குழாயடியில் நின்று அழுதாள்.

"அழாதடி. நாளைக்கு மத்தியானம் சார் மெட்ராஸ் போறாரு. நீ கெளம்பு, உன் மெஷின்ல நான் உக்காந்துக்கறேன்."

"ரெஜினாக்கா, உங்க கோயில்ல எதுனா சொல்ல மாட்டாங்களா?"

"பக்கத்து வூட்டுக்காரிக்கு ஒத்தாசை பண்ணாதன்னு எந்தச் சாமியார் சொல்லுவாரு? போடி!"

நான் அந்த லைனின் செக்கர். தினம் காலையில் சிலுவை போட்டுவிட்டுத்தான் செக்கிங் மேசை லைட்டைப் போடுவேன். பழைய தையல்காரிதான், கை மறந்துவிடவில்லை. ஆனால் அவசரத்தில் லேபிள் டப்பாவை மாற்றி எடுத்துவிட்டேன். செக்கர் தைத்ததைச் செக் பண்ண யார் இருக்கிறார்கள்? அவள் போனது தெரியக் கூடாதென்று டிக்கெட்டில் அவள் நம்பரையே போட்டேன். பிறனை நேசித்துவிட்டேன் என்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

இப்போது கஸ்தூரி என்னைப் பார்த்து 'சொல்லாதீங்க' என்று லேசாகத் தலையாட்டினாள். நானும் சொல்லவில்லை. பொய் டிக்கெட் என்றால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். பயந்துபோனேன். டீ பெல் அடிக்கும்வரை ஊமையாக உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

டீ டைமில் கஸ்தூரி தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "நின்னுடச் சொல்ட்டாருக்கா" என்றாள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. நேராக ஆபீசுக்குள் போனேன்.

"சார், அது நான் தைச்சது. நம்பரும் நான்தான் போட்டேன்."

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெனம் சிலுவ போட்டுகினு லைட்டப் போடுற ஆளு. நீயாம்மா பொய் நம்பர் போட்ட?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "ஆமா சார், நான்தான்" என்றேன்.

எனக்கு மெமோ கொடுத்து, செக்கிங்கிலிருந்து கம் தடவும் மேசைக்குத் தள்ளினார். கஸ்தூரிக்கு வேலை தப்பியது. பர்மனென்ட் மட்டும் தள்ளிப்போனது. சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து அறுபது ஜோடியின் லேபிளையும் பிரித்து மாற்றித் தைத்தோம்.

"ஏங்கா சொன்னீங்க? எனக்கு வேற கம்பெனி கெடைக்காதா?"

"உனக்குக் கெடைக்கும்டி. எனக்கு வேற மூஞ்சி கெடைக்குமா?"

மூன்று மாதம் கையெல்லாம் கம் பிசின். புதிதாக வந்த செக்கர் நிற்காமல் போய்விட்டாள். யாரைப் போடலாம் என்று சார் லைனில் கேட்டார். அதற்குள் பர்மனென்ட் ஆகியிருந்த கஸ்தூரி சட்டென்று எழுந்தாள்.

"ரெஜினாக்காவப் போடுங்க சார். தன் தப்பத் தானே ஒத்துக்கின ஆளு, எங்க மேல அநியாயமா எழுத மாட்டாங்க."

முப்பது பேரும் "ஆமா சார்" என்றார்கள். அதில் கிறிஸ்தவள் ஒருத்திகூட இல்லை. "போம்மா, போய் லைட்டப் போடு" என்றார் சார். எல்லாரும் பார்க்க நெற்றியிலிருந்து நெஞ்சுவரை பெரிதாகச் சிலுவை போட்டுவிட்டுத்தான் ஸ்விட்சைத் தட்டினேன். பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ரிட்டயர் ஆகும்வரை அந்த மேசையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒத்தாசை பண்ணுங்கள், உங்கள் பேரில் பண்ணுங்கள். மறு வருஷத்திலிருந்து நானும் கஸ்தூரியும் சாரிடம் கேட்டுவிட்டே மாறிக்கொண்டோம். ஆடிக் கிருத்திகைக்கு அவள் மெஷினில் நான். பெரிய வெள்ளிக்கு என் மேசையில் அவள். டிக்கெட்டில் யார் கை வேலை செய்ததோ அவர் நம்பர்.