நோன்பு பிடித்த புல்

என் சாச்சா ஒரு பொய்யர். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றை ஏமாற்றினார். பிறகு முழு வீட்டையும் ஏமாற்றினார். இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளை நான்தான். அதனால் இதை எழுத எனக்கு உரிமை இருக்கிறது.

இலங்கையில் யுத்தம் முடிந்து கற்பிட்டிப் பக்கம் ஹோட்டல்கள் முளைத்த காலம். வாப்பாவின் தம்பியான சாச்சா அதில் ஒன்றில் தோட்ட வேலை செய்தார். கல்யாணம் ஆகவில்லை. கனமூலையில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அந்த ஹோட்டலின் முன் மண்டபத்தில் ஒரு மீன் தொட்டி இருந்ததாம். தொட்டியின் அடியில் ஒட்ட வெட்டியது போலப் புல், அதன் மேல் மீன்கள். அதைப் பார்த்ததிலிருந்து மனிதருக்குத் தூக்கமில்லை. நோன்பு மாதம் தொடங்கிய அன்று, மேல் மூலை உடைந்ததென்று அவர்கள் கழித்துவிட்ட இரண்டடித் தொட்டி ஒன்றையும், ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பிடி புல்லையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

முதலில் கறுப்பு மண், மேலே மெல்லிதாக மணல். புல்லைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, முள் எடுக்கும் சாமணத்தால் ஒவ்வொன்றாக நடவேண்டும். என் விரல் சின்னது என்று நடுகிற வேலையை எனக்குத் தந்தார். நட்டு முடித்ததும் தொட்டியின் வாயைப் பொலித்தீனால் மூடினார். தண்ணீர் ஊற்றவில்லை. வேர் பிடிக்க ஒரு மாதம் போகும், அதுவரை தெளித்தால் போதும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதை அப்படியே எனக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னாரா? இல்லை.

"இந்தப் புல்லும் உங்களோட நோன்பு பிடிக்குது மகள். பெருநாளைக்குத்தான் அதுக்குத் தண்ணி. நீங்க களவா நோன்ப விட்டீங்களோ, இது மஞ்சளாப் போகும்."

அது நான் முழு நோன்பு பிடிக்கத் தொடங்கிய முதல் வருடம். நம்பிவிட்டேன். இஸ்திரி போட்டு உடுப்பு மினுக்கும்போது தெளிக்கிற போத்தலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, காலையும் பின்னேரமும் தெளித்தேன். எங்கள் கிணறு உப்பு. குளிக்கலாம், கழுவலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கிற நல்ல தண்ணீர் கேனில் வாகனத்தில் வரும். அதை வேறு எதற்கும் தொட்டால் உம்மா கையை முறித்துவிடுவார்.

பன்னிரண்டாம் நோன்பு. குர்ஆன் ஓதிவிட்டு வெயிலில் வந்தேன். குசினி அடுப்படியில் ஆளில்லை. நல்ல தண்ணீர் ஒரு கோப்பை ஊற்றி ஒரே மூச்சில் குடித்தேன்.

மூன்றாம் நாள் புல்லின் நுனி மஞ்சளாகி இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. லுஹர்த் தொழுகை நேரத்துக்கு வேலை முடிந்து வந்த சாச்சா தொட்டியைப் பார்த்துவிட்டு நின்றார். பொலித்தீனைத் தூக்கி, ஈர மண்ணில் விரலை வைத்து, அந்த விரலை நாக்கு நுனியில் வைத்து, வெளியே போய்த் துப்பினார். நான் குடித்த தண்ணீரின் ருசி மண்ணில் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"பரவாயில்ல மகள். இனி நல்லா வரும். தெளிக்கிறத இனி நான் பாத்துக்கிறன்."

அதன் பிறகு நான் ஒரு சொட்டுத் தண்ணீரும் களவாகத் தொடவில்லை. புல்லும் மெல்ல மெல்லப் பச்சையானது. ஆனால் வீட்டில் வேறு சண்டை தொடங்கியது. கேன்கள் பகலில் காலியாகின. ஒருநாள் நோன்பு திறக்க எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது உம்மா கேட்டே விட்டார்.

"தம்பி, நேத்து வந்த கேன் இண்டைக்குப் பாதிதான் இரிக்கி. பகல்ல இவ்வளவு தண்ணி குடிக்க நீங்க மனுசனா, ஒட்டகமா?"

"சரியான சூடு மதினி," என்றார் சாச்சா.

வாப்பா பேரீச்சம்பழத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நோன்பில்லாதவனுக்கு என்னத்துக்கு ஈத்தம்பழம்? கஞ்சியக் குடி."

எல்லாரும் சிரித்தோம். சாச்சாவும் சிரித்தார். பழம் எடுக்காமல் கஞ்சியை மட்டும் குடித்தார். எனக்கு உள்ளுக்குள் பெரிய நிம்மதி. வீட்டில் என்னைவிடப் பெரிய கள்ளன் ஒருவன் இருக்கிறான், இனி என் ஒரு கோப்பையை யாரும் தேடமாட்டார்கள்.

பெருநாள் காலையில் சாச்சா முச்சக்கரவண்டியில் நான்கு கேன் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். மண் கிளம்பாமல் இருக்க ஒரு பீங்கான் தட்டை உள்ளே வைத்து, அதன் மேல் மெதுவாக ஊற்றினார். தண்ணீர் ஏற ஏறப் புல் எழும்பி நின்றது. நுனியெல்லாம் சின்னச் சின்னக் குமிழ். ஒரு மூலை மட்டும் சொட்டையாக இருந்தது. ஆறு மீன் விட்டோம். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். "புள்ள பிடிச்ச நோன்ப இவன் பிடிக்கல்ல," என்று வாப்பா சாச்சாவைக் காட்டிச் சொன்னார். என்னை எல்லாரும் மெச்சினார்கள். அவ்வளவு நல்ல பெருநாள் எனக்கு அதற்குப் பிறகு வரவில்லை.

சாச்சாவுக்கு அன்று விழுந்த பெயர் 'பகல் சஹர்'. விடியுமுன் சாப்பிடுகிற சஹரைப் பகலில் சாப்பிடுகிறவராம். ஒவ்வொரு நோன்பு மாதமும் அந்தப் பெயர் எழும்பி வரும். அவருடைய கல்யாணத்தில் பெண் வீட்டாருக்கும் அது தெரிந்திருந்தது. இப்போது அவருடைய பிள்ளைகளும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

போன மாதம் என் வீட்டுக்கு ஒரு தொட்டி வாங்கப் புத்தளம் போனேன். அதே புல் வேண்டும் என்றேன். கடைக்காரர் சொன்னார்: "எங்கட கிணத்துத் தண்ணிய ஊத்திராதீங்க. உப்புக்கு நுனி கருகும். அப்படிக் கருகினா, நல்ல தண்ணி ஊத்தி ஊத்தி மண்ணக் கழுவி எடுங்க."

கடையிலேயே நின்றுவிட்டேன். விரலை நாக்கில் வைத்து அவர் பார்த்தது உப்பு. மண்ணைக் கழுவிய தண்ணீரைத்தான் வீட்டின் பின்னால் ஊற்றியிருக்கிறார். அந்த நாட்களில் அங்கே நின்ற முருங்கையின் அடி ஏன் எந்நேரமும் ஈரமாக இருந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. நல்ல தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றுகிறேன் என்று சொல்லியிருந்தால் உம்மா தொட்டியை முற்றத்தில் தூக்கிப் போட்டிருப்பார். என் தொட்டியைக் காப்பாற்ற, நோன்பு விடுகிறவன் என்ற பெயரை ஒரு மனிதன் தலையில் ஏற்றிக்கொண்டான் என்பது அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. அந்தப் பிள்ளை ஈத்தம்பழம் சப்பிக்கொண்டு எல்லாரோடும் சேர்ந்து சிரித்தது.

தொலைபேசியில் கேட்டேன். "பழைய கதை மகள், விடுங்க," என்றார். விடமாட்டேன்.

சாச்சா, இந்தப் பெருநாளைக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். வாப்பா, உம்மா, சாச்சி, உங்கள் பிள்ளைகள், எல்லாரும் வருவார்கள். முதலில் நான் எழும்பி என் ஒரு கோப்பையைச் சொல்வேன். மிச்சக் கேன்களுக்கு நீங்கள் எழும்ப வேண்டும். சிரித்து மழுப்பக் கூடாது. எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: அந்த நோன்பு மாதம் பகலில் தண்ணீர் குடித்தது நீங்களா, புல்லா?