எர்த் குழியில் ஈரமில்லை

என் மனைவி போனது ஐப்பசி மழையில். ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல் தொடங்கியது மாசி வெயிலில்.

சும்மா இரைச்சல் இல்லை. பல்வலிக்காரன் முனகுவது மாதிரி, ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதி. சத்தத்தைக் குறைத்தாலும் அது முழுக்க அடங்காது. பாட்டுக்கு நடுவில் வந்தால் போகட்டும் கழுதை என்று விட்டிருப்பேன். என் கவலை ஒரு கேசட்டைப் பற்றியது.

அவள் குரல் இருப்பது அந்தக் கேசட்டில் மட்டும்தான். செல்போனை நீட்டினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிற ஆள். கேசட் டெக் வாங்கின புதிதில், மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அவளைப் பிடித்து நிறுத்திப் பேசச் சொன்னேன். எட்டப் போய் நின்றுகொண்டு ஏதோ சொன்னாள். வெட்கப்பட்டது நினைவிருக்கிறது, என்ன சொன்னாள் என்பது மறந்துவிட்டது. அவள் போனபிறகு அதை எடுத்துப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

சேலத்தில் இருக்கும் மகள்தான் போனில் அழுதாள். “அம்மா கொரலு மறந்துருமோன்னு பயமா இருக்குதுங்கப்பா. அந்தக் கேசட்டப் போட்டு எனக்கு அனுப்புங்கப்பா.”

போட்டேன். முனகல்தான் கேட்டது. அதற்குள்ளே எங்கேயோ அவள் புதைந்து கிடந்தாள். சத்தத்தைக் கூட்டினால் முனகலும் கூடவே ஏறியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி ஏரியில் வீசியிருப்பேன்.

மறுநாள் தேட ஆரம்பித்தேன். ஃபிரிட்ஜை அணைத்தேன், இன்வெர்ட்டரை அணைத்தேன், டியூப்லைட்டைக் கழற்றினேன். முனகல் போகவில்லை. ஸ்பீக்கர் ஒயரைக் கரண்ட் ஒயரிலிருந்து தள்ளிப் போட்டேன். ஸ்பீக்கர் ஒயரையும் கரண்ட் ஒயரையும் விட்டுவிட்டு, பின்னால் செருகியிருந்த மற்ற ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எல்லாம் பிடுங்கியபிறகும், மொட்டையாக நின்ற ஆம்ப்ளிஃபயர் ‘ம்ம்ம்’ என்றது. “அடச் சனியனே!” என்று அதன் தலையில் தட்டினேன். உள்ளங்கையில் சுருக்கென்று ஒரு கூச்சம். கை இரும்பில் பட்டிருந்தவரைக்கும் முனகல் கொஞ்சம் அடங்கியது.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவன் நான். பழம் உரிக்கும் மெஷினில் கை வைத்து இப்படிக் கூச்சம் தட்டினால், ஷெட்டுக்குப் பின்னால் எர்த் கம்பி புதைத்த குழிக்கு ஆளை அனுப்பி உப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லுவோம். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது, கசிகிற கரண்ட் மண்ணில் இறங்காமல் மெஷினிலேயே நிற்கும். கோடையில் தவறாமல் செய்கிற வேலை அது.

என் வீட்டு எர்த் குழி சமையலறைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே போகப் பின்கதவைத் திறக்க வேண்டும்.

அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்று சாத்திய கதவு. அதற்கப்புறம் நான் திறக்கவே இல்லை. அந்தப் பக்கம் முழுக்க அவளுடைய டேலியாச் செடிகள். சோறு கடையிலிருந்து வந்துவிடுகிறது, எனக்கு அங்கே என்ன வேலை? புரிந்தபிறகும் இரண்டு நாள் வேறெதையாவது குற்றம் சொல்லிக்கொண்டு முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தேன். பிளக்கை மாற்றிப் பார்த்தேன். மகள் மறுபடியும் போன் செய்தாள். அப்புறம்தான் எழுந்து தாழ்ப்பாளைத் தட்டித் திறந்தேன்.

டேலியா எல்லாம் குச்சியாக நின்றது. குழியைச் சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. படிக்கட்டில் அவளுடைய அலுமினியக் குண்டான் கவிழ்ந்து கிடந்தது. அரிசி கழுவின தண்ணீரைத் தினமும் அதில்தான் கொண்டுவந்து அந்தச் செடிகளுக்கு ஊற்றுவாள். எத்தனை கோடை வந்தும் என் பெட்டி ஒருநாளும் முனகாமல் பாடியதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பிறகு அதே குண்டானில் உப்பைக் கரைத்து ஊற்றினேன், நல்ல தண்ணீரும் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற மண் குடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். பெட்டி ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்தது, அவ்வளவு அமைதி. கேசட்டைப் போட்டேன்.

முதலில் என் அதட்டல். “ஏ புள்ள, ஏதாச்சும் பேசு.”

அப்புறம் அவள். “என்னத்தப் பேசறதுங்க? எனக்கு நொம்ப வெக்கமா இருக்குதுங்க. இருங்க, செடிக்குத் தண்ணி ஊத்திப்போட்டு வந்தர்றனுங்க.”

செருப்புச் சத்தம். பின்கதவு திறக்கிற சத்தம். அதன்பின் நாடா ஓடிக்கொண்டே இருந்தது. நான் கை கட்டிக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் டக்கென்று நின்றது.

அன்றைக்கே அதைச் செல்போனில் பதிந்து மகளுக்கு அனுப்பிவைத்தேன். உடனே போட்டுக் கேட்க அவளுக்கும் தைரியம் வரவில்லை. போனில் கூப்பிட்டு, “அம்மா என்னங்கப்பா சொல்றாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“வந்தர்றேன்னு சொல்றா, கண்ணு” என்றேன்.